வீடு வாடகை: கடற்காற்றும் கட்டாத வாடகையும்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். சேமலாப நிதிக் காசும் ஊர்க் காணி விற்ற காசும் கையில் இருக்கிறது. வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம், பழைய தொடர்மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு 3 கோடி ரூபா கேட்கிறார்கள். மாதம் 110,000 வாடகை வருமாம். இன்னும் 20 இலட்சம் போட்டுக் குசினியையும் பாத்ரூமையும் மாற்றினால் 10,000 கூட்டிக் கேட்கலாம் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: குசினியை விடுங்கள் அக்கா, உறுதியைப் பார்த்தீர்களா? அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி வேண்டுமென்றால் கட்டடத்துக்குக் கொண்டோமினியம் பிளான் பதிவாகியிருக்க வேண்டும். "அக்ரிமென்ட் இருக்கு, உறுதி பிறகு வரும்" என்று சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். உறுதி இருந்தாலும், விற்கிறவரின் சட்டத்தரணியை நம்பாமல் உங்களுடைய ஆளை வைத்துக் காணிப் பதிவகத்தில் வீடு யார் யாரிடம் இருந்தது என்று 30 வருடத்துக்காவது தேடச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டணம், சோலை வரி, தண்ணீர் பில் எல்லாவற்றுக்கும் கடைசி ரசீது கேளுங்கள்.

இனிக் கணக்கு. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடிக்கு 1,199,000 ரூபா, நொத்தாரிஸ் காசு வேறு. வருட வாடகையே 1,320,000 தான். அதில் பராமரிப்புக் கட்டணம் மாதம் 12,000 என்று வைத்து, ஆள் மாறும்போது ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்றும் கழித்தால் 1,066,000 மிஞ்சும், அதாவது முதல் வருட வாடகை முத்திரைக்கே காணாது. முத்திரையையும் சேர்த்துப் போட்ட காசுக்கு மூன்றரை வீதம்கூட வரும் என்று சொல்ல முடியாது, நிலையான வைப்பு இதைவிட நன்றாகத் தரும். வீட்டின் விலை ஏறும் என்று நம்பினால் மட்டும் வாங்குங்கள், கடன் எடுத்து வாங்கவே வேண்டாம்.

20 இலட்சத்தை மாதம் 10,000 கூடுதலுக்காகப் போட்டால் அது திரும்பி வர 200 மாதம், பதினாறு வருடத்துக்கு மேல். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று முதலில் தின்பது இரும்பைத்தான். பல்கனி சிலாப்பின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், சீமெந்து பெயர்ந்து கம்பி தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல அது ஒன்றே போதும். ஏசியின் வெளிப்பெட்டியும் கெதியாகத் துருப்பிடிக்கும். நான் தெகிவளையில் என் வீட்டுக்கு இத்தாலி டைல்ஸ் பதித்துப் பெருமைப்பட்டவள், உள்ளே பழைய பைப்பை மாற்றாமல் விட்டதால் ஒரு வருடத்தில் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் கசிந்து, மேசன் பாஸ் அந்த டைல்ஸை உடைக்கும்போது நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். பைப், பாத்ரூமில் தண்ணீர் கசியாத பூச்சு, வயரிங், ட்ரிப் சுவிட்ச் – செலவழிப்பதானால் இவற்றுக்கு. பான்ட்ரி கபேட் அலுமினியத்தில் போடுங்கள், பலகை ஊதிவிடும்.

கேள்வி: அண்ணா கனடாவில். அவருடைய கொட்டாஞ்சேனை வீட்டை நான்தான் பார்க்கிறேன். நாலு மாதமாக வாடகை இல்லை. தண்ணீரை வெட்டிப் பூட்டை மாற்றலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தொடவே தொடாதீர்கள் தம்பி. வாடகைக்காரரைப் பலவந்தமாக வெளியே போட்டால் அவர் பொலிசுக்குப் போவார், காணி, வீட்டுத் தகராறு சண்டையாகாமல் இருக்கப் போடும் 66 ஆம் பிரிவு வழக்கில் நீதிமன்றம் அவரையே திரும்ப உள்ளே விடலாம், நீங்கள் வில்லனாகிவிடுவீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிஸ் முன் எழுதியிருக்க வேண்டும், கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டது அதற்குச் சமமில்லை. ஒப்பந்தம் ஒழுங்காக இருந்தால், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கென்றே 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, அதைக் காட்டிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதற்கு முதல் அண்ணாவிடமிருந்து, அவர் சார்பில் நடக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வாங்கிப் பதியுங்கள். அது இல்லாமல் நீங்கள் வழக்குப் போடப் போனால் "நீ யார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: சோலை வரியை வாடகைக்காரர் தலையில் போடலாமா?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: ஒப்பந்தத்தில் எழுதலாம், ஆனால் அவர் கட்டாவிட்டால் மாநகர சபை பிடிப்பது வீட்டைத்தான். வாடகையோடு சேர்த்து வாங்கி நீங்களே கட்டுங்கள். ஜனவரி 31 க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு.