பிறந்த குழந்தைக்கு உடனே ஆபரேஷன் தேவையா?

கேள்வி: என் தங்கைக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள் ஆகிறது. பிறப்புறுப்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லையாம். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து பெண்ணாக்கிவிடலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோரும் சரி என்கிறார்கள். தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். பதினாறாம் நாள் பெயர் வைக்க வேண்டும். என்ன செய்வது?
– ஒரு பெரியம்மா, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, ஆபரேஷன் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா? வாந்தி எடுக்கிறதா? எடை குறைகிறதா? துவண்டு கிடக்கிறதா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருக்கும். உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன் சுரக்காது. பிறந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் குழந்தை நன்றாக இருந்தாலும் இன்றே சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, 17 ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். நான் சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோளாறு உறுதியானால் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மருந்துகளை நிறுத்தாமல் கொடுத்துக் குழந்தையை நன்றாக வளர்க்கலாம். இங்கே அவசரம் என்பது இந்த மருந்துதான், கத்தி அல்ல.

அப்புறம் வயிற்று ஸ்கேனும் குரோமோசோம் பரிசோதனையும். குரோமோசோம் முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும், காத்திருங்கள். குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணர் ஒருவரும் பார்க்க வேண்டும்.

உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். கர்ப்பத்தில் அவர் சாப்பிட்ட உணவு எதுவும் இதற்குக் காரணமில்லை, கிரகணத்தில் வெளியே போனதும் காரணமில்லை. ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு அச்சிலும் அடங்காத உடலோடு குழந்தைகள் எக்காலத்திலும் பிறந்திருக்கிறார்கள். இதைத்தான் இடைபாலினம் என்கிறோம், ஊடுபால் என்றும் சொல்வார்கள்.

இனி ஆபரேஷன். தமிழ்நாட்டில் அந்த டாக்டர் சொன்னபடி செய்ய முடியாது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பிலேயே இடைபாலினக் குழந்தைகளின் பிறப்புறுப்பை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சைகளைத் தடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோர் தரும் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று சுகாதாரத் துறை அரசாணை எண் 355ஐ வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறு காரணத்துக்குக் கத்தி வைக்கக் கூடாது. ஆபத்தா இல்லையா என்பதைத் தனி ஒரு டாக்டர் முடிவு செய்ய முடியாது, அதற்கென்று குழு இருக்கிறது. அரசாணை எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சண்டை வேண்டாம். “இந்த ஆணைப்படி குழுவின் முடிவு கிடைத்ததா, டாக்டர்?” என்று மட்டும் கேளுங்கள்.

மூத்திரம் போக வழி அடைபட்டிருந்தால், அது வேறு. அதை உடனே பார்க்கத்தான் வேண்டும். தோற்றத்துக்காகச் செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். வெட்டிய நரம்பு திரும்ப வராது, உணர்ச்சி போய்விடலாம். தழும்பு சுருங்கி மறுபடி மறுபடி ஆபரேஷன் செய்ய நேரும். ஹார்மோன் சுரக்கும் உறுப்பை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மருந்துதான். இத்தனையும் தாங்கிய பிறகு, “நான் பெண்ணில்லை” என்று அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் சொன்னால், யார் என்ன பதில் சொல்வது? ஆபரேஷன் வேண்டுமா என்று அந்தப் பிள்ளையே பிறகு முடிவு செய்யட்டும். ஆணாகவோ பெண்ணாகவோ வளர்ப்பதற்கு ஆபரேஷன் அவசியமே இல்லை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாணவர்கள் கூட்டமாக வந்து துணியை விலக்கிப் பார்க்கவோ போட்டோ எடுக்கவோ விடாதீர்கள், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புதுக்கோட்டை மண்ணிலிருந்து போய் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனின் பாலினப் பரிசோதனை விவரம் ஊடகங்களில் பரவியபோது அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். உடலைப் பற்றிய தகவல் அந்த உடலுக்கு உரியவரின் சொத்து. பிள்ளைக்குப் புரியும் வயது வந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே சொல்லுங்கள். மறைத்து வைத்து ஒரு நாள் தானாகக் கண்டுபிடித்தால், அந்தக் காயம் ஆறாது.

பெயர் விஷயம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரைப் பிறகும் சேர்க்கலாம். அதனால் பதினாறாம் நாளுக்குள் பரிசோதனை முடிவு வரவில்லையே என்று தவிக்காதீர்கள். தொட்டிலில் போட்டு, மதி, அன்பு, கனி என்று யாருக்கும் பொருந்தும் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், “குழந்தைக்குச் சில டெஸ்ட் எடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறது” என்று சொன்னால் போதும்.