ப்ரெப் மாத்திரை போட்டா "அப்படிப்பட்ட ஆளா"?

கேள்வி: வயசு 28, பசங்ககூடதான் உறவு. எச்ஐவி தொத்தாம இருக்க முன்கூட்டியே போடுற ப்ரெப் மாத்திரை எடுக்கலாம்னு ஃப்ரெண்டுகிட்ட சொன்னா "ஊர் மேயப் போறியாடா"ன்னு சிரிக்கிறான், அவனும் கேதான். ரூம்மேட் டப்பாவைப் பாத்தா எனக்கு எச்ஐவின்னே முடிவு பண்ணிடுவான். என்ன பண்ண டாக்டர்?

பதில்: உங்க ஃப்ரெண்டு சொன்னது பழைய கிண்டல்தாங்க. 2012ல அமெரிக்காவுல ட்ருவாடாங்கிற மாத்திரையை ப்ரெப்பா போட அனுமதி கிடைச்சப்பவே அதைப் போட்டவங்களை கே ஆம்பளைங்களே "ட்ருவாடா வேசி"ன்னு திட்டினாங்க, அப்புறம் சிலபேர் அதையே டீஷர்ட்ல அடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. கல்யாணமாகாத பொண்ணு கருத்தடை மாத்திரை கேட்டா மெடிக்கல்ல ஒரு பார்வை பாப்பாங்களே, அதே பார்வைதான்.

ரூம்மேட் பயம் நியாயமானது. ப்ரெப் மாத்திரையில இருக்கிற டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின்ங்கிற மருந்து ரெண்டுமே எச்ஐவி சிகிச்சையிலயும் இருக்கு, பேரை கூகுள் பண்ணா அதான் வரும். என்கிட்ட வர்ற ஒருத்தர் மாத்திரையை எல்லாம் பழைய வைட்டமின் டப்பாவுக்கு மாத்திட்டாரு, ஈரம் உறிஞ்சுற அந்தக் குட்டிப் பாக்கெட்டை மட்டும் குப்பையில போட்டுட்டாரு! அப்படிப் பண்ணாதீங்க, லேபிளை உரிச்சுட்டு அதே டப்பாவுல வைங்க.

மெடிக்கல்ல நேரா வாங்கிப் போட்றாதீங்க. முதல்ல எச்ஐவி டெஸ்ட், அரசு மருத்துவமனையில ஐசிடிசிங்கிற ஆலோசனை, பரிசோதனை மையத்துல இலவசம். ஏற்கனவே தொற்று இருந்து தெரியாம இந்த ரெண்டு மருந்தை மட்டும் போட்டா வைரஸ் மருந்துக்கே பழகிடும். கூடவே கிட்னிக்கான கிரியேட்டினின் டெஸ்ட்டும், ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் பாக்கணும், ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்க மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா கல்லீரல் வீங்கலாம். அப்புறம் 3 மாசத்துக்கு ஒரு தடவை எச்ஐவி டெஸ்ட். முதல் ரெண்டு வாரம் குமட்டல் வரலாம், போயிடும்.

ஒழுங்கா போட்டா உறவு வழியா தொத்துறது கிட்டத்தட்ட 99% குறையும். 2010ல வந்த ஐப்ரெக்ஸ்ங்கிற ப்ரெப் ஆய்வுல 44%தான், ஏன்னா நிறைய பேர் மாத்திரையை வாங்கிட்டு முழுங்கவே இல்ல. தினமும் வேணாம்னா, உறவுக்கு 2லருந்து 24 மணி நேரம் முன்னாடி ரெண்டு, அந்த ரெண்டைப் போட்டதுலருந்து 24 மணி நேரம் கழிச்சு ஒண்ணு, 48 மணி நேரத்துல இன்னொண்ணு. ஹெபடைடிஸ் பி இருந்தா இந்த முறை ஆகாது. சிஃபிலிஸ், கொனோரியாவை இது தடுக்காது, ஆணுறை அதுக்கு வேணும்.

கல்யாணம் ஆகி ஆம்பளைங்ககிட்டயும் போறவங்கதான் "நான் கே இல்லையே, எனக்கு எதுக்கு"ம்பாங்க. வைரஸ் அதையெல்லாம் கேக்குறதில்ல. உங்க ஃப்ரெண்டையும் டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போங்க, சிரிச்சுக்கிட்டே வரட்டும்.