முதியோரின் நடை, சமநிலை பற்றி ஆராய்ச்சி செய்ய வருபவர்கள் முதலில் எதைப் பழக வேண்டும்?

கேட்டிருப்பவர் பிசியோதெரபி முதுகலை முடித்தவர். வயதானவர்களின் நடை, சமநிலை, விழுதல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ஆனால் தன் கல்லூரியில் நடையை அளக்கும் லேப் இல்லையே என்று தயங்குகிறார்.

லேப் இல்லாதது பெரிய குறையே இல்லை. இந்தத் துறையில் நிலைத்துவிட்ட சோதனைகள் பலவற்றுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், தரையில் ஒட்ட ஒரு டேப் போதும். என்னிடம் வரும் புதியவர்களுக்கு முதல் மூன்று மாதம் இவற்றைத் தவிர வேறெதையும் கொடுப்பதில்லை. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

1991ல் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் இருவரும் வெளியிட்ட ‘டைம்டு அப் அண்ட் கோ’ சோதனையைப் படித்திருப்பீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. இதில் பழக என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவன்தான். முதல் வருடம், பாதி ஆய்வில், கைப்பிடி வைத்த நாற்காலியை யாரோ வேறு வார்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து 20 பேரை அளந்துவிட்டேன். மூட்டு தேய்ந்தவருக்குக் கை ஊன்றி எழுவதும் ஊன்றாமல் எழுவதும் ஒன்றா? என் வழிகாட்டி ஒன்றும் திட்டவில்லை. அந்த 20 வரிகளின் மீதும் பேனாவால் ஒரே கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

நடை வேகத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2011ல் ஸ்டெஃபனி ஸ்டுடென்ஸ்கி குழுவினர் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். விநாடிக்கு 0.1 மீட்டர் மாறினாலே அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்பது இத்துறைக் கணக்கு. சரி, 4 மீட்டர் தூரத்தில் அது எவ்வளவு? 0.8 என்றால் 5 விநாடி, 0.9 என்றால் சுமார் 4.4 விநாடி. அரை விநாடிதான் வித்தியாசம். உங்கள் கட்டைவிரல் தாமதித்தாலே ஒரு ‘கண்டுபிடிப்பு’ வந்துவிடும். “நல்லா நடங்க” என்றும் சொல்லாதீர்கள். டாக்டர் பார்க்கிறார் என்று விறுவிறுவென்று நடந்து காட்டுவார்கள். “கடைக்குப் போற மாதிரி நடங்க” என்றால் சரியாக வரும்.

அடுத்தது காது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஒரு பாட்டி வந்திருந்தார்.

“இந்த வருஷம் எங்கயாவது விழுந்தீங்களா பாட்டி?”

“அதெல்லாம் இல்ல தம்பி.”

“அப்ப கையில என்ன?”

“கொல்லைப் பக்கம் வழுக்கிச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.”

கூட வந்த மருமகள் சிரித்துவிட்டார். விழுந்தேன் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த நாளிலிருந்து கொல்லைப் பக்கம் போகவிட மாட்டார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும். 2005ல் ஐரோப்பிய ஆய்வாளர்களின் புரோஃபேன் குழு, எதிர்பாராமல் தரையிலோ அதைப்போன்ற தாழ்வான இடத்திலோ வந்து சேர்வது என்று விழுதலை வரையறுத்தது. அதன்படி பாட்டி ‘உட்கார்ந்ததும்’ விழுந்ததுதான். படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போயிருந்தால் ஒரு எலும்பு முறிவே கணக்கில் வராது. அதனால் இடறியதா, வழுக்கியதா, சாய்ந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘தலைசுத்தல்’ என்பார்கள், ‘கிறுகிறுப்பு’ என்பார்கள், ‘மயக்கம்’ என்பார்கள். அதற்குள் காதுக் கோளாறு, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது, வெறும் பயம் எல்லாமே இருக்கும். ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் இது எதுவும் பிடிபடாது.

ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் மறந்திருப்பார்கள். அன்றன்றைக்குக் குறித்து மாதாமாதம் வாங்கச் சொல்கிறது அதே குழு. நாங்கள் வீட்டுத் தினசரி காலண்டரிலேயே கோடு போடச் சொல்லி, கிழித்த தாளை எடுத்து வைக்கச் சொல்கிறோம். ராசிபலனோடு சேர்த்து ஆய்வுத் தரவும் வந்துவிடுகிறது.

பெரிய தரவு வேண்டுமா? லாசி எனப்படும் இந்திய முதுமை ஆய்வின் 2017-18 சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என்று 72,000க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். நடை வேகம், சமநிலை, கைப்பிடி வலிமை எல்லாம் அதில் உண்டு. விண்ணப்பித்தால் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். புள்ளியியலை அதை வைத்தே பழகுங்கள். ஒன்று மட்டும்: விழுந்த எண்ணிக்கைக்குச் சராசரி போட்டு ஒப்பிடாதீர்கள். பலர் ஒரு முறைகூட விழமாட்டார்கள், ஒருவரே ஏழு முறை விழுவார்.

தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், 1997ல் ஸ்வீடனில் லுண்டின்-ஓல்சன் குழு செய்ததைப் பாருங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 58 பேரில் 12 பேர் பதில் சொல்ல நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். மெஷினே இல்லை. நம் ஊரிலும் அப்படி ஒன்று கண்முன்னே கிடக்கிறது: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவது. நாற்காலியை வைத்து உருவான சோதனைகளில் அதற்கு இடமே இல்லை.

அப்புறம், அளக்கும்போது முன்னால் நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர்கள் ஓடி வருவார்கள். பலவீனமான பக்கத்தில் அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கை காலியாக. எழுதுவதெல்லாம் அவர் உட்கார்ந்த பிறகு.