கேஷ் (cache) பெட்டி வாங்கலாமா? ஆபீஸ் நெட் பற்றிய கேள்வி பதில்

மஞ்சக்குப்பம் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து: அண்ணா, எங்களிடம் 15 கம்ப்யூட்டர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். கேஷ் பெட்டி வைத்தால் ஜிஎஸ்டி தளம் சீக்கிரம் திறக்குமா?

திறக்காது தம்பி. ஒருவர் இறக்கிய கோப்பைப் பிடித்து வைத்து அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஜிஎஸ்டி தளத்தில் ஆளுக்கு ஆள் பக்கம் மாறும். அதோடு எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டு போட்டுப் போகும் இணைப்பு. உள்ளே என்ன போகிறது என்றே பெட்டிக்குத் தெரியாது. முதலில் ஒரு லேப்டாப்பை நேராக ஃபைபர் மோடத்தில் சொருகிப் பாருங்கள். அப்போது வேகம் வந்தால் கோளாறு உங்கள் நெட்வொர்க் ஸ்விட்சிலோ வைஃபையிலோ இருக்கிறது. அங்கேயும் இழுத்தால் பெட்டிக்காகச் செலவு செய்யாதீர்கள்.

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துபவர்: 40 கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் அப்டேட் ஒரே நாளில் இறங்கினால் வகுப்பே நடக்காது. எங்களுக்காவது பயன்படுமா?

உங்களுக்குப் பயன் உண்டு மேடம், ஒரே கோப்பை 40 பேர் இறக்குகிறீர்களே! ஆனால் வாங்கும் முன் விண்டோஸ் செட்டிங்ஸில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்பதைத் தேடி, லோக்கல் நெட்வொர்க் வரைக்கும் போட்டுவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் இறங்கியதைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். 7680 போர்ட்டை ஃபயர்வால் மறிக்கக் கூடாது. பைசா செலவில்லை. உபுண்டு மெஷின்கள் இருந்தால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்க்விட் என்ற இலவச கேஷ் மென்பொருளைப் போட்டு 3128 போர்ட்டில் ஓட விடுங்கள், போதும்.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் ஐடி பொறுப்பாளர்: பெட்டி வந்துவிட்டது சார். எங்கே மாட்டுவது?

ரௌட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் நடுவில், பிரிட்ஜ் மோடில், அதாவது வருவதை அப்படியே கடத்திவிடும் முறையில். ஐபி கொடுக்கும் வேலையை ரௌட்டரே பார்க்கட்டும். பெட்டியில் பைபாஸ் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் உள்ளே 'டிக்' என்று ரிலே விழுந்து இரண்டு போர்ட்டையும் ஒரே கேபிள் மாதிரி சேர்த்துவிடும். நான் ஒரு அலுவலகத்தில் இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். சம்பள நாளன்று பவர் சப்ளை போய், பெட்டியைக் கழற்றி எடுக்கும் வரை யாருக்கும் நெட் இல்லை. அதனால் மாட்டிய அன்றே எல்லோர் முன்னாலும் பவர் கார்டைப் பிடுங்குங்கள். இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை ஓட விட்டு, பதில் நாலைந்து தவறி மறுபடி வந்தால் சரி, வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

அவரே: எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரு சர்டிஃபிகேட் போட்டால் எச்டிடிபிஎஸ்ஸையும் கேஷ் செய்யலாம் என்கிறார்கள்?

செய்யலாம், ஆனால் அப்போது உங்கள் ஆட்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் எல்லாம் பெட்டிக்குள் திறந்து மூடப்படும். வேகத்துக்காக மட்டும் இதைச் செய்ய நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். செய்தே ஆக வேண்டுமென்றால் பேங்க் தளங்களை விலக்கிவிடுங்கள், ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில ஆப்கள் அந்த சர்டிஃபிகேட்டை ஏற்காமல் நின்றும் போகும்.

கடலூர் முதுநகரிலிருந்து: பெட்டி மாட்டி ஒரு வருடம் ஆகிறது. இப்போது நெட் விட்டு விட்டு வருகிறது அண்ணா.

கேபிளைக் கழற்றி, நுனியில் இருக்கும் எட்டு பின்னையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. சுரண்டாதீர்கள், நுனியை வெட்டிவிட்டுப் புது ஆர்ஜே 45 அடியுங்கள். அப்புறம் ரேக்கை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள்.