போர்ல வீர விருது வாங்கின ராணுவ வீரர்கள்ல உங்களை ரொம்ப பாதிச்சவர் யாரு?

என்னோட பதில் பானா சிங், பரம் வீர் சக்ரா வாங்கினவர். போர்க்களத்துல காட்டுற வீரத்துக்கு நம்ம நாட்டோட உச்ச விருதான இதை இதுவரை 21 பேருக்குத் தான் குடுத்திருக்காங்க, அதுல 14 பேருக்கு இறந்த பிறகு. மிச்சம் 7 பேர் தான் உயிரோட வந்து வாங்கினவங்க. எனக்கு என்னமோ இந்த 7 பேரோட கதை தான் இன்னும் படிக்கணும்னு தோணும், ஏன்னா மெடல் வாங்கின மறுநாளும் அவங்க வாழ்ந்தாகணும் இல்லையா.

ஜம்மு பக்கம் ஆர்.எஸ்.புரா ஏரியால கத்யால்னு ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். 1949 ஜனவரி 6 பிறந்தார், சரியா 20 வயசு முடியுற அன்னைக்கே ஆர்மில சேர்ந்துட்டார். சியாச்சின் பனிமலைச் சண்டை நடந்தப்போ அவருக்கு 38 வயசு, நாயப் சுபேதார் (இளநிலை அதிகாரி) பதவி. போர் வீரன்னாலே இருபது வயசுப் பையனை நினைச்சுக்குறோம், இவரு 18 வருஷம் சர்வீஸ் போட்ட ஆளு.

1987ல சியாச்சின்ல 21,000 அடிக்கு மேல ஒரு உச்சியைப் பாகிஸ்தான் ராணுவம் பிடிச்சு, ஜின்னா நினைவா, அவரோட பட்டப்பேர்லயே காயித் போஸ்ட்னு பேரும் வச்சிருச்சு. அங்கிருந்து பார்த்தா நம்ம போஸ்ட்டும் சாமான் கொண்டு வர்ற ஹெலிகாப்டரும் அப்படியே தெரியும், சுட்டுக்கிட்டே இருந்தாங்க. மே மாசம் நோட்டம் பார்க்கப் போன டீம்ல செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயும் இன்னும் பல பேரும் இறந்துட்டாங்க, அதனால தான் அடுத்து அந்த உச்சியைப் பிடிக்க நடந்த தாக்குதலுக்கு ஆபரேஷன் ராஜீவ்னு பேரு. ஜூன் 23ல இருந்து போன டீமெல்லாம் மேல ஏற முடியாமலும் அடிபட்டும் திரும்புச்சு. மைனஸ்ல அடிக்கிற குளிர்ல துப்பாக்கியே சரியா வேலை செய்யல, நடுவுல மண்ணெண்ணெய் ஸ்டவ்ல சூடு காட்டி சரி பண்ணிக்கிட்டாங்கன்னா பார்த்துக்கோங்க. 26ஆம் தேதி பட்டப்பகல்ல, பனி கொட்டுது, பானா சிங்கும் இன்னும் 4 பேரும் கிட்டத்தட்ட செங்குத்தா 1500 அடி நிக்கிற பனிச்சுவர் பக்கமா ஏறி, பங்கருக்குள்ள கிரனேடைப் போட்டு கதவைச் சாத்திட்டாங்க, வெளிய இருந்தவங்களோட பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) வச்சு நேருக்கு நேர் சண்டை. அந்த உச்சிக்கு இப்போ பானா டாப்னு தான் பேரு.

இதெல்லாம் ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆனப்புறம் நடந்தது தான் எனக்கு உறுத்தல். கௌரவ கேப்டனா 2000ல ஓய்வு. பரம் வீர் சக்ராவுக்காக ஜம்மு காஷ்மீர் அரசு அவருக்குக் குடுத்த மாசத் தொகை எவ்வளவு தெரியுமா, 166 ரூபா! அப்போ பக்கத்து மாநிலங்கள் ஆயிரக்கணக்குல குடுத்துட்டு இருந்துச்சு. பஞ்சாப் அரசு, இங்க வந்துருங்க, நிலமும் பணமும் தர்றோம்னு கூப்பிட்டுச்சு, நான் இந்த ஊர்க்காரன்னு சொல்லிப் போகவே இல்ல மனுஷன். 2023ல அந்தமான்ல ஒரு தீவுக்கு அவர் பேரை வச்சாங்க. சந்தோஷம் தான், ஆனா அந்த 166ஐ மறக்க முடியல.

இன்னொன்னு, கேள்விக்குக் கொஞ்சம் வெளிய தான். அன்னைக்கு அவரோட ஏறின 4 பேர்ல ரைஃபிள்மேன் சுனி லால்னு ஒருத்தர். அதுக்கு சேனா மெடல் வாங்கினார், 1999ல பூஞ்ச் பக்கம் நடந்த சண்டைக்கு வீர் சக்ரா, அப்புறம் 2007 ஜூன் 24 குப்வாராவுல ஊடுருவ வந்தவங்களோட சண்டையில இறந்து அசோக சக்ரா, அதாவது போர் இல்லாத காலத்து வீரத்துக்கான உச்ச விருது. ஒரே ஆளு, மூணு மெடல், அந்தப் பனிச்சுவர் ஏறி 20 வருஷம் ஆக ரெண்டே நாள் பாக்கி. பரம் வீர் சக்ரா லிஸ்ட்ல மட்டும் தேடுறவங்களுக்கு இவர் கண்ல படவே மாட்டார். இவரைப் பத்தி யாராவது தமிழ்ல விரிவா எழுதியிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, படிக்கணும்.