பியாஞ்சியின் கோல்களையும் பட்டங்களையும் எப்படி எண்ணுவது?

கேள்வி: முன்கள வீரராக இருந்து பயிற்சியாளரான அர்ஜென்டினாவின் கார்லோஸ் பியாஞ்சியைப் பற்றி ஒரு விளையாட்டு இதழுக்கு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன். திரட்டிய குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பயிற்சியாளராக அவர் வென்ற லீக் பட்டங்கள் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 7. ஒரே பருவத்தில் அவரது அணி இரண்டு முறை சாம்பியன் ஆனது என்கிறார்கள். கோல் கணக்கும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘ஐரோப்பாவில் தோற்றவர்’ என்று எழுதலாமா என்பதும் தெரியவில்லை. எதை வைத்துக்கொண்டு எழுதுவது?

பதில்: உங்கள் குறிப்புகளில் பெரும்பாலானவை பிழையாக இருக்க வாய்ப்பில்லை, அவை வெவ்வேறு விஷயங்களை எண்ணியிருக்கின்றன, அவ்வளவுதான். எந்தப் போட்டித் தொடர், எந்தப் பிரிவு, எந்தக் காலம் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு தானாக நேராகிவிடும்.

முதலில் கோல்கள். 1949-இல் பிறந்த பியாஞ்சி, புவெனஸ் அயர்ஸின் வேலஸ் சார்ஸ்ஃபீல்ட் கிளப்புக்காக 1967-இல் முதல் பிரிவில் களமிறங்கினார். 1973-இல் பிரான்ஸின் ரீம்ஸ் கிளப்புக்குச் சென்றார். 1977 முதல் இரண்டு பருவங்கள் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், அதன்பின் ஒரு பருவம் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஆடிவிட்டு 1980-இல் மீண்டும் வேலஸுக்கே திரும்பினார். பிரெஞ்சு முதல் பிரிவில் அவர் அடித்தவை ரீம்ஸுக்காக 107, பாரிஸுக்காக 64, ஸ்ட்ராஸ்பர்குக்காக 8, கூட்டினால் 179. வேலஸுக்காக அடித்தவை 206. அந்த கிளப்பின் வரலாற்றில் மிக அதிக கோல் அடித்தவர் அவரே. இரண்டையும் சேர்த்தால் வருகிற 385-தான் பரவலாகச் சொல்லப்படும் எண். இது இரு நாடுகளின் முதல் பிரிவு லீக் ஆட்டங்களுக்கு மட்டுமான கணக்கு. தேசிய அணிக்காக 14 ஆட்டங்களில் அடித்த 7 கோல்களோ, பிரெஞ்சுக் கோப்பை ஆட்டங்களோ, ஆட்ட வாழ்வின் இறுதியில் இரண்டாம் பிரிவில் இருந்த ரீம்ஸுக்காக 1984-85-இல் ஆடியவையோ இதில் இல்லை. அவற்றில் சிலவற்றைச் சேர்ப்பவருக்கு எண் கூடும். ஆகவே, ‘முதல் பிரிவு லீக்கில் 385’ என்று அடைமொழியோடு எழுதுங்கள். வெறும் 385 என்று எழுதாதீர்கள்.

மொத்த எண்ணைவிட அது எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதற்குக் கட்டுரையில் அதிக இடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சு லீக்கில் ஐந்து பருவங்களில் அவரே அதிக கோல் அடித்தவர்: 1973-74-இல் 30, 1975-76-இல் 34, 1976-77-இல் 28, பாரிஸுக்கு மாறிய 1977-78-இல் 37, அடுத்த பருவத்தில் 27. இடையில் 1974-75 மட்டும் விடுபட்டிருக்கிறது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில், 1974 ஆகஸ்ட் மாதம், பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை ரீம்ஸ் 6-1 என்று வென்றபோது ஆறு கோல்களையும் பியாஞ்சி ஒருவரே அடித்தார். பின்னர் கால் முறிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அந்த ஆண்டு முதலிடம் மொனாக்கோவுக்கு ஆடிய டெலியோ ஓனிஸுக்குப் போனது. தங்கள் வலைக்குள் ஆறு முறை பந்தைப் போட்டவரைப் பாரிஸ்காரர்கள் மூன்று ஆண்டுகளில் தங்கள் பக்கம் அழைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இத்தனை கோல்களும் கோப்பைகளாக மாறவில்லை. மேற்சொன்ன ஐந்து பருவங்களில் ஒன்றில்கூட அவரது அணி லீக் சாம்பியன் ஆகவில்லை. 1977 பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் ரீம்ஸ் செயின்ட் எட்டியனிடம் 2-1 என்று தோற்றது. அதற்கு முன், 1971-இல் அர்ஜென்டினாவின் மெட்ரோபாலிட்டானோ தொடரில் அவர் 36 கோல்கள் அடித்தும் வேலஸ் இரண்டாவதாகவே முடிந்தது. பட்டம் இன்டிபென்டியன்டேவுக்குச் சென்றது. 1968-இல் வேலஸ் தன் வரலாற்றின் முதல் லீக் பட்டத்தை வென்றபோது அவர் அணியில் இருந்த இளம் வீரர். அந்த கிளப் அடுத்த லீக் பட்டத்துக்காக 25 ஆண்டுகள் காத்திருந்தது. 1993-இல் அதை வென்று கொடுத்த பயிற்சியாளரும் பியாஞ்சியே. உங்கள் கட்டுரையின் நடு முடிச்சாக இதை வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஒரே பருவத்தில் இரண்டு பட்டம் எப்படி என்ற கேள்வி. 1967 முதல் 1985 வரை அர்ஜென்டினாவில் ஆண்டுக்கு மெட்ரோபாலிட்டானோ, நசியோனல் என இரு தனித்தனித் தொடர்கள் நடந்தன. 1990-91 பருவத்திலிருந்து ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை அபெர்த்துரா, பிப்ரவரியில் தொடங்கிக் கிளவுசுரா என்று பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் ஆண்டில் இரு வெற்றியாளர்களும் மோதி ஒரு சாம்பியனைத் தேர்ந்தார்கள். அடுத்த பருவம் முதல் அந்த மோதல் கைவிடப்பட்டு இருவருமே முழுமையான சாம்பியன்கள் ஆனார்கள். 20 அணிகள், ஒன்றோடொன்று ஒரே ஒரு முறை, அணிக்கு 19 ஆட்டங்கள். ஒரு பட்டம் அதோடு முடிந்துவிடும். ஆகவே பியாஞ்சி பயிற்றுவித்த புவெனஸ் அயர்ஸின் மற்றொரு கிளப்பான போக்கா ஜூனியர்ஸ் 1998 அபெர்த்துராவையும் 1999 கிளவுசுராவையும் வென்றது ஒரே பருவத்துக்குள் இரண்டு தனிப் பட்டங்கள். இவற்றை ஐரோப்பிய லீக் பட்டங்களோடு ஒன்றுக்கு ஒன்றாக ஒப்பிட்டு எழுதினால் வாசகர் ஏமாறுவார்.

புள்ளிகளிலும் எச்சரிக்கை வேண்டும். வேலஸ் 1993 கிளவுசுராவை 27 புள்ளிகளோடு வென்றது. போக்கா 1998 அபெர்த்துராவைத் தோல்வியே இல்லாமல் 45 புள்ளிகளோடு வென்றது. முன்னதில் வெற்றிக்கு 2 புள்ளிகள், பின்னதில் 3. இடைவெளியின் ஒரு பகுதி ஆட்டத்தால் வந்தது, மறுபகுதி விதியால் வந்தது.

6-ஆ, 7-ஆ என்ற குழப்பம் 1996 கிளவுசுராவால் வந்தது. வேலஸோடு 1993 கிளவுசுரா, 1995 அபெர்த்துரா. போக்காவோடு 1998 அபெர்த்துரா, 1999 கிளவுசுரா, 2000 அபெர்த்துரா, 2003 அபெர்த்துரா என ஆறு பட்டங்களில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1996 கிளவுசுரா முடிவதற்குள் பியாஞ்சி இத்தாலியின் ரோமாவுக்குப் புறப்பட்டுவிட்டார். எஞ்சிய ஆட்டங்களை ஓஸ்வால்டோ பியாஸா நடத்திப் பட்டத்தை உறுதிசெய்தார். அடித்தளம் பியாஞ்சியுடையது என்பவர்கள் 7 என்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7 என்று எழுதி, பியாஸாவின் பெயரை அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுவேன்.

கண்ட அளவிலான கோப்பைகளில் குழப்பம் எதுவும் இல்லை. தென் அமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கோப்பையைப் பயிற்சியாளராக நான்கு முறை, 1994, 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அந்த எண்ணிக்கையை வேறு எந்தப் பயிற்சியாளரும் எட்டவில்லை. எப்படி வென்றார் என்று பாருங்கள். முதல் மூன்றும் பெனால்டி ஷூட்அவுட்டில் முடிவானவை: 1994-இல் நடப்புச் சாம்பியன் சாவ் பாலோவையும், 2000-இல் பால்மெய்ராஸையும் அவர்கள் நகரத்து மொரும்பி அரங்கிலேயே தாண்டினார், 2001-இல் மெக்சிகோவின் குருஸ் அசூலைச் சொந்த அரங்கில். சான்டோஸுக்கு எதிரான 2003 இறுதி மட்டுமே அதன் இரு ஆட்டங்களிலும் 2-0, 3-1 எனத் தெளிவாக முடிந்தது. இதனால்தான் கடவுளின் கைபேசி எண் பியாஞ்சியிடம் இருக்கிறது என்று அர்ஜென்டினாவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதை நீங்கள் அப்படியே நம்பி எழுத வேண்டாம். ஷூட்அவுட் வரை ஆட்டத்தைக் கொண்டுபோவதற்கு எதிரி மைதானத்தில் அதிக கோல் விடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும்; வேலஸின் சிலாவெர்ட், போக்காவின் ஆஸ்கர் கார்டோபா போன்ற கோல்கீப்பர்கள் அவரிடம் இருந்தார்கள். கோல்களால் பெயர் பெற்றவர், கோல் கொடுக்காத அணிகளால் பெரும் பயிற்சியாளர் ஆனார். 2004 இறுதியாட்டத்தில் கொலம்பியாவின் ஒன்ஸே கால்டாஸிடம் அதே ஷூட்அவுட்டில் போக்கா தோற்றபோது, எடுத்த பெனால்டிகளில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

முன்களக்காரரின் கண் அவரிடம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கு ஓர் ஆட்டம் போதும். முழங்கால் தசைநார் கிழிந்து 1999 நவம்பரில் வெளியேறியிருந்த போக்காவின் முன்கள வீரர் மார்ட்டின் பலெர்மோவை, 2000 மே மாதம் போக்காவின் பரம எதிரியான ரிவர் பிளேட்டுக்கு எதிரான லிபர்ட்டடோரஸ் காலிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கினார். பலெர்மோ வந்தால் நான் ஓய்வுபெற்ற ரிவர் நட்சத்திரம் பிரான்செஸ்கோலியை இறக்குகிறேன் என்ற பொருளில் ரிவரின் பயிற்சியாளர் முன்பே கேலி பேசியிருந்தார். பலெர்மோவின் ஓட்டத்தில் வேகமே இல்லை. ஆனாலும் பெனால்டி பகுதிக்குள் பந்தை நிறுத்தி, நிதானமாகத் திரும்பி, இறுதி நிமிடங்களில் மூன்றாவது கோலை அடித்தார், 3-0. அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவில், தென் அமெரிக்க, ஐரோப்பிய சாம்பியன்கள் மோதிய இன்டர்கான்டினென்டல் கோப்பையில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக முதல் ஆறு நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களை அடித்தவரும் அவரே.

கடைசியாக, ‘ஐரோப்பாவில் தோற்றவர்’. வீரராக அது அப்பட்டமான தவறு. ஐந்து முறை முதலிடம் பிடித்தவரைப் பற்றி அப்படி எழுத முடியாது. பயிற்சியாளராகப் பார்த்தால், ரோமாவில் 1997 ஏப்ரலிலும், அட்லெடிகோ மாட்ரிட்டில் 2006 ஜனவரியிலும், இரண்டு முறையும் முதல் பருவம் நிறைவடைவதற்குள்ளேயே வேலை முடிந்தது. ரோமாவில், பின்னாளில் அந்த கிளப்பின் நாயகனான இளம் டொட்டியை வேறு கிளப்புக்குக் கடனாக அனுப்பிவிட அவர் முனைந்தார் என்பதை அங்குள்ள ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய சாம்பியன்களை எதிர்கொண்ட இன்டர்கான்டினென்டல் கோப்பையில் 1994-இல் மிலானை 2-0, 2000-இல் ரியல் மாட்ரிட்டை 2-1 என்றும், 2003-இல் மீண்டும் மிலானை ஷூட்அவுட்டிலும் வென்றார். 2001-இல் பேயர்ன் மியூனிக்கிடம் மட்டும் கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோற்றார். ‘ஐரோப்பிய கிளப்புகளில் பயிற்சியாளராக நிலைக்கவில்லை’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.

போக்காவில் அவர் இருந்த மூன்று காலங்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 1998 முதல் 2001 வரை முதலாவது. அதன் இறுதியில், அன்றைய கிளப் தலைவரும் பின்னாளில் நாட்டின் அதிபரானவருமான மௌரிசியோ மாக்ரி செய்தியாளர் சந்திப்புக்குள் நுழைந்து கேள்வி எழுப்ப, பியாஞ்சி எழுந்து வெளியேறிவிட்டார். 2003-04 இரண்டாவது. 2013 முதல் 2014 ஆகஸ்டு வரையிலான மூன்றாவது காலத்தில் ஒரு கோப்பையும் இல்லை. பல அறிமுகக் குறிப்புகள் இதைத் தவிர்த்துவிடுகின்றன, நீங்கள் ஒரு வரியாவது சேருங்கள்.