20 நாள் ஆண் குழந்தைக்கு ஏசி போடலாமா, மாமியார் சொல்வதுபோல் தண்ணீர் கொடுக்கலாமா? குல்லா, சாக்ஸ் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம், கழுத்து மடிப்பில் சிவந்திருக்கிறது, அது என்ன?

ஏசி தாராளமாகப் போடலாம். 26 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் படாதபடி தொட்டிலைத் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் மட்டும் ஒரு சங்கு கூட வேண்டாம், மாமியார் எவ்வளவு சொன்னாலும். ஆறு மாதம் வரை தேவையான நீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. வெயில் காலத்தில் அடிக்கடி பால் கேட்பான், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

கழுத்து மடிப்பில் பொரிப்பொரியாகச் சிவந்திருப்பது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வியர்க்குருதான். காரணம் அந்தக் குல்லா, சாக்ஸ், துணிச்சுற்று. பச்சைக் குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு நிறைய வெளியேறும். வீட்டுக்குள் குல்லாவைக் கழற்றிவிடுங்கள், மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். பவுடர் வேண்டாம், மூச்சுக்குள் போகும்.

கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் துணி அதிகம்.

அப்புறம், காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ நடுராத்திரியானாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் ஏசி அளவை அவரிடம் கேட்டுவிட்டே வையுங்கள்.